வாயுச் சிலிண்டரைக் கையாளும் முறையும் அதன் காரணங்களும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, எதனைப் பற்றி எழுதுவது எனச் சில நாட்கள் தயங்கினேன். இலக்கியம், சமயம், வரலாறு ஆகியவை பற்றி எழுதுவதற்கு என்னினும் தகுதி வாய்ந்த பழைய மாணவர் பலர் உளர். யானோ கல்லூரியை விட்ட பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இரும்போடும் நெருப்போடும் காலங்கழித்தவன். ஆகவே, நான் அறிந்த தொழிலைப் பற்றி, அதிலும் உயிரோடும் உடலோடும் தொடர்புடைய ஒரு பகுதியைப் பற்றி எழுதுவதே பொருத்தமெனத் துணிந்தேன். உருக்கி ஒட்டும் வேலைக்கும் இரும்பு வெட்டும் வேலைக்கும் பயன்படுகின்ற வாயுச் சிலிண்டர்களைப் பாதுகாப்பாகக் கையாளும் முறையே அது.

இப்பொருளை நான் தெரிந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1969ஆம் ஆண்டு, ஒரு வேலைத்தலத்தில் நானும் என் வயதொத்த நண்பரொருவரும் தொழில் பழகுநராகச் சேர்ந்திருந்தோம். ஒட்சிசன் சிலிண்டரில் எண்ணெய் படக்கூடாது என்ற விதி எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் ஏன் படக்கூடாது என்பதை எவரும் சொல்லவில்லை. எண்ணெய் வீணாகும் என்பதற்காகவே அவ்வாறு கட்டளையிட்டிருக்கிறார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். ஒரு நாள் காலை, அமுக்கச் சீராக்கியின் மரை இறுகிக்கொண்டு திரும்ப மறுத்தது. நண்பர் கேட்க, நானே போய்த் தகரத்திலிருந்து ஒரு விரலளவு கிறீஸ் எடுத்து வந்து கொடுத்தேன். அவர் அதனை மரையிற் பூசி, சீராக்கியைப் பொருத்தி, வால்வை ஒரே வீச்சில் திறந்தார். ஓர் ஒலியும் வெண்ணிற ஒளியும் தோன்றின. பித்தளையாலான சீராக்கியே பற்றி எரிந்தது. நண்பர் உயிர் பிழைத்தார். ஆயின் அவருடைய வலக்கை அதன்பின் முற்றாக மூடியதில்லை. அவர் அத்தொழிலை விட்டு ஊர் திரும்பினார்.

விதியை அறிந்திருந்தும் காரணத்தை அறியாதிருந்தமையே அன்று எங்களுக்கு விளைந்த கேடு. ஆதலால் இக்கட்டுரையில் ஒவ்வொரு விதியையும் அதற்குரிய காரணத்தோடு சேர்த்தே சொல்ல விரும்புகின்றேன்.

சிலிண்டருக்குள் அடைபட்டிருப்பது என்ன?

வேலைத்தலத்தின் மூலையில் அசைவின்றி நிற்கும் சிலிண்டர் காண்பதற்கு ஓர் இரும்புத் தூண் போலவே தோன்றும். அதனுள்ளே அடங்கியுள்ள ஆற்றலைச் சிறு கணக்கொன்றினால் விளங்கிக்கொள்ளலாம். 50 லீற்றர் கொள்ளளவுடைய ஒட்சிசன் சிலிண்டரில் 150 வளிமண்டல அமுக்கத்தில் வாயு நிரப்பப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். திறந்த வெளியில் அவ்வாயு ஏறத்தாழ 7,500 லீற்றர் இடத்தை நிரப்பும். 150 வளிமண்டலம் என்பது சதுர அங்குலமொன்றுக்கு ஏறத்தாழ 2,200 இறாத்தல். மோட்டார்க் காரின் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அமுக்கம் சுமார் 30 இறாத்தலே. அதனினும் எழுபது மடங்குக்கு மேற்பட்ட அமுக்கம் இங்கே அடைபட்டிருக்கிறது. இக்காலத்துச் சிலிண்டர்களிற் பல 200 வளிமண்டல அளவிலும் நிரப்பப்படுகின்றன.

சிலிண்டர் சரிந்து விழுந்து அதன் கழுத்திலுள்ள வால்வு முறிந்துவிட்டால் என்னாகும்? ஒரு சதுர அங்குலத் துவாரத்தினூடாக வாயு வெளிப்பட்டால், அதனைப் பின்னோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ ஒரு தொன் நிறைக்குச் சமமாகும். அறுபது எழுபது கிலோகிராம் நிறையுள்ள இரும்புக்கலம் அப்போது வாணம் போலப் பாயும். செங்கற் சுவரும் அதனைத் தடுத்து நிறுத்துமென்று நம்புவதற்கில்லை. சிலிண்டரை எப்பொழுதும் நிமிர்த்தி நிறுத்திச் சங்கிலியாற் சுவரோடோ தள்ளுவண்டியோடோ கட்டிவைக்க வேண்டும் என்பதும், பயன்படாத வேளைகளிலும் கொண்டுசெல்லும் வேளைகளிலும் வால்வின்மேல் மூடியைப் பூட்டவேண்டும் என்பதும் இதனாலேயே. கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் போதும் என்று எண்ணுவோர் உளர். தீப்பொறி பட்டால் கயிறு எரிந்துவிடும்; சங்கிலி எரியாது.

ஒட்சிசனும் எண்ணெயும்

ஒட்சிசன் தானாக எரிவதில்லை. எரிவனவற்றை எரியச் செய்வதே அதன் இயல்பு. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஒட்சிசன் உண்டு. எஞ்சியதிற் பெரும்பங்கு நைதரசன். அந்நைதரசனே நமது அடுப்பு நெருப்பையும் விளக்குச் சுடரையும் அளவோடு எரியச் செய்கின்றது. தூய ஒட்சிசனில் அந்தத் தடை இல்லை. காற்றில் மெதுவாக எரியும் பொருள் அங்கே சீறி எரியும். காற்றில் எரியாத பொருளும் அங்கே எரியும். இரும்பு கூட எரியும். வெட்டும் ஊதுகுழாயினால் இரும்புத் தகட்டை நாம் வெட்டுவது இரும்பை உருக்கி மட்டுமன்று, அதனை ஒட்சிசனில் எரித்துமே என்பதை நினைவிற் கொள்க.

இனி, கிறீஸ் தீப்பற்றுவதற்குப் பொறி எங்கிருந்து வந்தது? சைக்கிளுக்குக் காற்றடித்தவர் அனைவரும் இதற்கு விடை அறிவர். விரைந்து காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறது. வாயுவைத் திடீரென அமுக்கினால் அது வெப்பமடையும் என்பதே காரணம். ஒட்சிசன் வால்வை ஒரே வீச்சில் திறக்கும்பொழுது, சீராக்கியின் வாயிலுள்ள சிறிதளவு வாயு ஒரு கணத்திற்குள் 150 மடங்கு அமுக்கத்திற்கு உள்ளாகின்றது. அப்போது அங்கே எழக்கூடிய வெப்பநிலை, கணக்கின்படி, பல நூறு பாகை செல்சியஸ் ஆகும். அவ்விடத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் நெருப்புக்குச்சி வேண்டியதில்லை. என் நண்பருக்கு நேர்ந்தது இதுவே. எண்ணெயும் தீது, விரைந்து திறந்ததும் தீது. இரண்டும் சேர்ந்தபோது கேடு விளைந்தது.

ஆதலின் ஒட்சிசன் வால்வையும் சீராக்கியையும் எண்ணெய் படிந்த கையாலோ, கையுறையாலோ, பழந்துணியாலோ தொடுதல் ஆகாது. மரை இறுகினால் அதனைக் கழற்றி, பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டுமேயன்றிப் பசை பூசுதல் கூடாது. வால்வை மெல்ல மெல்லத் திறத்தல் வேண்டும். திறக்கும்போது சீராக்கியின் முகத்துக்கு நேரே நில்லாது பக்கவாட்டில் நிற்றல் வேண்டும்.

ஒட்சிசனால் விளையும் இன்னொரு கேடு கண்ணுக்குப் புலப்படாதது. 5 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் 3 மீற்றர் உயரமும் கொண்ட மூடிய அறையொன்றில், மேலே சொன்ன சிலிண்டரிலுள்ள வாயு முழுவதும் கசிந்துவிட்டால், அறைக் காற்றிலுள்ள ஒட்சிசன் 21 பங்கிலிருந்து ஏறக்குறைய 28 பங்காக உயர்ந்துவிடும். நிறமில்லை, மணமில்லை, மூச்சுத் திணறலும் இல்லை. ஆனால் 23 பங்கைத் தாண்டினாலே அபாயம் எனக் கொள்வது தொழில் வழக்கு. அக்காற்றிற் சிறு பொறி பட்டால் உடுத்திருக்கும் பருத்தி உடை நொடிப்பொழுதில் பற்றிக்கொள்ளும். 1967ஆம் ஆண்டு ஜனவரி 27ஆந் திகதி, அமெரிக்காவில் அப்பலோ விண்கலமொன்று தரையில் நிறுத்திச் சோதிக்கப்பட்டபோது, தூய ஒட்சிசன் நிரப்பிய அதன் அறையினுள் தீப்பற்றி விண்வெளி வீரர் மூவர் மாண்டமை உலகறிந்த செய்தி. அத்தகைய அறிஞர் கூட்டத்துக்கே அது நேர்ந்ததென்றால் நமது பட்டறைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வளவும் அறிந்தால், ஒட்சிசனைக் காற்றுக்குப் பதிலாகப் பயன்படுத்துதல் எத்துணை அறியாமை என்பது விளங்கும். உடையிற் படிந்த தூசியை ஊதுதல், வியர்வை ஆற முகத்திற் பிடித்தல், சக்கரத்துக்குக் காற்றடித்தல், எண்ணெய்க் குழாயின் அடைப்பை நீக்குதல் ஆகிய எதற்கும் ஒட்சிசனைப் பயன்படுத்துதல் கூடாது. ‘காற்று’ என்று அதனை அழைப்பதும் நன்றன்று. பெயர் தவறினால் பயனும் தவறும்.

அசற்றிலீன் என்னும் நிலையற்ற வாயு

ஒட்சிசனோடு துணை சேர்வது அசற்றிலீன். 1836ஆம் ஆண்டில் எட்மண்ட் டேவி இதனைக் கண்டறிந்தார். 1892ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோமஸ் வில்சன் மின்னுலையில் கல்சியங் காபைட்டை ஆக்கிய பின்னரே இது மலிவாகக் கிடைக்கலாயிற்று. காபைட்டின்மீது நீர் பட்டால் இவ்வாயு பிறக்கும். முற்காலத்துச் சைக்கிள் விளக்குகள் எரிந்தது இவ்வாறே. ஒட்சிசனோடு சேர்ந்து எரியும்போது இதன் சுவாலை 3,100 பாகை செல்சியஸ் அளவுக்கு வெப்பமுடையது. இரும்பை உருக்குவதற்கு அதிற் பாதியே போதும்.

இத்துணைப் பயனுள்ள வாயுவுக்கு ஒரு பெருங்குறை உண்டு. இதனை வெறுங்கலத்தில் அமுக்கி அடைத்தல் இயலாது. அமுக்கம் மிகுந்தால், காற்றோ ஒட்சிசனோ சிறிதும் இல்லாமலே இது தானாகச் சிதைந்து வெடிக்கும். சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலுக்கு மேற்பட்ட அமுக்கத்தில் அசற்றிலீனைக் குழாயிற் செலுத்தலாகாது என்ற விதி இதனாலேயே எழுந்தது. சீராக்கியின் முகத்தில் அந்த அளவுக்கு மேல் சிவப்புக்கோடு இடப்பட்டிருப்பதைப் பலர் கண்டிருப்பர். சுவாலை போதவில்லையெனின் ஊதுகுழாயின் முனையைப் பெரிதாக்க வேண்டுமேயன்றி அசற்றிலீனின் அமுக்கத்தை உயர்த்துதல் கூடாது.

அப்படியாயின் சிலிண்டரில் அது எவ்வாறு அடைக்கப்படுகிறது? 1890களின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டில் யோர்ச் குளோட், அல்பேர் எஸ் என்னும் இருவரும் இதற்கு வழி கண்டனர். அசற்றோன் என்னும் திரவம் தன் கனவளவைப்போற் பன்மடங்கு அசற்றிலீனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். சிலிண்டரினுள்ளே கடற்பஞ்சு போன்ற நுண்துளைப் பொருளொன்று முழுதாக நிரப்பப்பட்டிருக்கும். அத்துளைகளில் அசற்றோன் ஊறியிருக்கும். அதனுள் அசற்றிலீன் கரைந்திருக்கும். எங்கேனும் சிதைவு தொடங்கினாலும் அந்நுண்துளைகள் அதனைப் பரவவிடாது தடுக்கும்.

சிலிண்டரின் உள்ளமைப்பை இவ்வாறு அறிந்தவருக்கு விதிகள் தாமே விளங்கும். படுக்கவைத்துப் பயன்படுத்தினால் வாயுவோடு அசற்றோனும் வெளியேறும்; திரவம் குறைந்தால் பாதுகாப்பும் குறையும். ஆகவே அசற்றிலீன் சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்றல் வேண்டும். வண்டியிற் படுக்கவைத்துக் கொண்டுவரப்பட்டதாயின், சில மணிநேரம் நிமிர்த்தி வைத்த பின்னரே திறத்தல் வேண்டும். அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் வாயுவை எடுத்தாலும் திரவம் உடன்வரும். சிலிண்டரிலுள்ள வாயுவின் ஏழிலொரு பங்குக்கு மேல் ஒரு மணிநேரத்தில் எடுத்தல் ஆகாது என்பது பழைய வழக்கு. தொடர்ச்சியான வேலைக்கு அதனினும் குறைவாக எடுத்தலே நன்று. சிலிண்டரை உருட்டுதலும் கீழே போடுதலும் உள்ளிருக்கும் நுண்துளைப் பொருளைச் சிதைக்கும். வெளியே தழும்பு தெரியாவிட்டாலும் உள்ளே வெற்றிடம் தோன்றிவிடலாம்.

இன்னுமொன்று. அசற்றிலீன் செம்போடும் வெள்ளியோடும் இரசத்தோடும் சேர்ந்து, தட்டினாலே வெடிக்கும் சேர்வைகளை ஆக்கவல்லது. ஆதலின் இறப்பர்க் குழாய் அறுந்தபோது, கையிற் கிடைத்த செம்புக் குழாய்த் துண்டை இடையிற் செருகி ஒப்பேற்றுதல் பெருந்தவறு. இவ்வேலைக்கென ஆக்கப்பட்ட இணைப்பையே பயன்படுத்துதல் வேண்டும்.

அறிவுடையாருக்கும் அடங்காதது

இவ்விடத்தில் ஒருவரை நினைவுகூர்தல் தகும். சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் குஸ்தாவ் தாலேன், அசற்றிலீனைப் பாதுகாப்பாக அடைப்பதற்குரிய சிறந்த நுண்துளைப் பொருளொன்றை ஆக்கியவர். பகலில் தானே அணைந்து இரவில் தானே எரியும் கலங்கரை விளக்குக் கருவியையும் அவரே அமைத்தார். ஆளில்லாத பாறைகளிலும் மிதவைகளிலும் விளக்கெரிந்து மாலுமிகள் உயிர் தப்பியது அவர் உழைப்பாலேயே. 1912ஆம் ஆண்டுக்குரிய பௌதிகவியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டில், அசற்றிலீன் கலங்களின் பாதுகாப்பைச் சோதித்துக்கொண்டிருந்தபொழுது ஒரு கலம் வெடித்து அவர் இருகண் பார்வையையும் இழந்தார். பரிசைப் பெறுவதற்கு அவருடைய சகோதரரே சென்றார். பார்வையிழந்த பின்னும் 1937இல் மறையும்வரை தம் நிறுவனத்தை அவர் நடத்திவந்தமை அவருடைய மனவுறுதிக்குச் சான்று.

அசற்றிலீனைப் பற்றி அவரளவு அறிந்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே. அவருக்கே அது இரங்கவில்லை. ‘இருபது வருடமாக இப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்லும் பட்டறை முதலாளிகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் தாலேனின் கதையே.

பொருத்தும் ஒழுங்கு

வேலை தொடங்குமுன் செய்யவேண்டியவற்றை ஒழுங்காகக் கூறுவேன். முதலிற் சிலிண்டரின் பெயர்ச்சீட்டைப் படித்தல் வேண்டும். பிரித்தானிய வழக்கில் ஒட்சிசனுக்குக் கறுப்பும் அசற்றிலீனுக்குக் கருஞ்சிவப்பும் நெடுங்காலம் நிறங்களாக வழங்கின. வேறு நாடுகளில் வேறு நிறங்களும் உண்டு. ஆதலின் நிறத்தை நம்பாது எழுத்தை நம்புதல் வேண்டும். எழுத்தில்லாத சிலிண்டரைத் திருப்பி அனுப்புதல் வேண்டும்.

இரண்டாவதாக, அண்மையில் நெருப்போ மனிதரோ இல்லாத இடத்தில் வால்வை ஒரு கணம் சிறிது திறந்து மூடுக. வாயிலிலுள்ள தூசி வெளியேறிவிடும்; இல்லாவிடில் அது சீராக்கியினுட் புகும். மூன்றாவதாக, சீராக்கியைப் பொருத்துக. ஒட்சிசனுக்கு வலப்புரி மரையும் எரிவாயுவுக்கு இடப்புரி மரையும் அமைந்திருப்பது ஒன்றை மற்றொன்றிற் பூட்டாமல் இருப்பதற்காகவே. மரை பொருந்தாவிட்டால் பலாத்காரம் செய்யற்க. அது உமக்குச் சொல்லப்படும் எச்சரிக்கை. நான்காவதாக, சீராக்கியின் திருகாணி தளர்ந்திருக்கிறதா எனப் பார்த்த பின்னரே சிலிண்டரை மெல்லத் திறக்க. அசற்றிலீன் வால்வை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திறவாது, அதன் சாவியையும் வால்விலேயே விட்டுவைக்க. ஆபத்து வேளையில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க நேரமிராது.

ஐந்தாவதாக, இணைப்புகள் அனைத்திலும் எண்ணெய்ப் பசையற்ற சவர்க்கார நீரைத் தடவிக் குமிழி எழுகிறதா என நோக்குக. நெருப்புக்குச்சியைக் கொளுத்திக் கசிவு பார்ப்பவரை நான் கண்டிருக்கிறேன். காற்றில் நூற்றுக்கு 2.5 பங்கு கலந்தாலே அசற்றிலீன் தீப்பற்றும். 80 பங்கு இருந்தாலும் தீப்பற்றும். இவ்வளவு அகன்ற எல்லையுடைய எரிவாயு வேறு அரிது.

சுவாலை பின்னோக்கி ஓடுதல்

ஊதுகுழாயின் முனை அடைபட்டாலோ, வாயுக்களின் அமுக்கம் ஒவ்வாதிருந்தாலோ, ஒரு சிலிண்டர் தீரும் நிலையை அடைந்தாலோ ஒரு வாயு மற்றைய வாயுவின் குழாயினுட் புகுந்துவிடும். அந்நிலையில் கொளுத்தினால் சுவாலை முன்னே எரியாது குழாயினூடாகச் சிலிண்டரை நோக்கி ஓடும். இதனைத் தடுப்பதற்கு இரு குழாய்களிலும் சுவாலைத் தடுப்பான்களைப் பொருத்துதல் வேண்டும். அவற்றின் விலை ஒரு நாட் கூலியைவிடச் சிறிது கூடலாம். ஒரு கையின் விலையைவிடக் குறைவு. அன்றியும், கொளுத்துமுன் ஒவ்வொரு குழாயினூடாகவும் அதனதன் வாயுவைச் சில விநாடி தனித்தனியே செலுத்திக் கலவையை வெளியேற்றுதல் வேண்டும். ஊதுகுழாயினுள்ளே சீழ்க்கை ஒலி கேட்டால் உடனே அதன் வால்வுகளை மூடிப் பின்னர்ச் சிலிண்டர்களை மூடுக. காரணம் அறியும்வரை மீண்டும் கொளுத்தற்க.

வெடித்த இறப்பர்க் குழாயை நாடாவாற் சுற்றி ஒப்பேற்றுதல் நம்மிடையே மலிந்த பழக்கம். நாடா சுற்றினாற் கசிவு நிற்காது; கசிவு மறைக்கப்படும், அவ்வளவே.

வைப்பிடமும் கொண்டுசெல்லலும்

ஒட்சிசனையும் எரிவாயுவையும் களஞ்சியத்தில் அருகருகே அடுக்குதல் ஆகாது. இரண்டுக்குமிடையே 20 அடி தூரம் இருத்தல் வேண்டும். இடமில்லையெனின் தீயைத் தாங்கும் சுவரொன்று 5 அடி உயரத்துக்குக் குறையாமல் இடையில் அமைதல் வேண்டும். களஞ்சியம் காற்றோட்டமுள்ளதாகவும் வெயில் படாததாகவும் இருத்தல் அவசியம். நமது வெப்ப நாட்டில் தகரக் கூரையின் கீழ் நண்பகலில் இருக்கும் நிலையை நான் சொல்லவேண்டியதில்லை. வெப்பம் ஏற உள்ளமுக்கமும் ஏறும்.

வெறுஞ் சிலிண்டர் என்று ஒன்றில்லை. அமுக்கமானி பூச்சியம் காட்டினாலும் வளிமண்டல அமுக்கமளவு வாயு உள்ளே இருந்தே தீரும். ஆகவே சிறிதளவு அமுக்கம் எஞ்சியிருக்கும்போதே வால்வை மூடி, ‘வெறிது’ எனச் சுண்ணக்கட்டியால் எழுதி, நிறைந்தவற்றினின்றும் வேறாக வைத்தல் வேண்டும். திறந்துவிட்டால் வெளிக்காற்றும் ஈரமும் உட்புகும்.

கொண்டுசெல்கையில் தள்ளுவண்டியைப் பயன்படுத்துக. சீராக்கியைக் கழற்றி மூடியைப் பூட்டுக. மூடிய வாகனத்தினுள்ளே அசற்றிலீனை ஏற்றுதல் கூடாது. சிறு கசிவும் உள்ளே தேங்கி, வாகனத்தின் கதவைத் திறக்கும்போது எழும் மின்பொறியே போதியதாகும்.

வேறு வாயுக்கள்

இக்காலத்தில் வெட்டும் வேலைக்கு வீட்டடுப்பு எரிவாயுவையும் பலர் ஒட்சிசனோடு பயன்படுத்துகின்றனர். அசற்றிலீன் காற்றைவிடச் சிறிது இலேசானது. அடுப்பு வாயுவோ காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேற் பாரமானது. கசிந்தால் அது தரையில் ஊர்ந்து, வாகனம் திருத்தும் குழியினுட் சென்று தங்கும். மின்னால் ஒட்டும் வேலைக்குப் பயன்படும் ஆகனும் காபனீரொட்சைட்டும் எரியமாட்டா. எனினும் அவையும் பாரமானவை. குழியிலுள்ள காற்றை வெளியே தள்ளிவிடும். அக்குழியில் இறங்குபவர், குறிப்பாக ஆகன் தேங்கிய குழியாயின், மூச்சுத் திணறலை உணருமுன்னரே மயங்கி வீழ்வார். அவரைத் தூக்க இறங்குபவரும் வீழ்வார். இவ்வாறு ஒருவரைக் காக்கச் சென்று இருவர் மூவர் மாளும் கொடுமை உலகெங்கும் மீண்டும் மீண்டும் நிகழ்வது. குழியிலும் தொட்டியிலும் இறங்குமுன் காற்றூதுங் கருவியினால் நல்ல காற்றைச் செலுத்துக. வேலை முடிந்ததும் சிலிண்டரை மேலேயே மூடுக.

தீப்பற்றினால்

வால்விலே சிறு சுவாலை தோன்றி, கையால் மூடக்கூடிய நிலையில் இருந்தால் வால்வை மூடுக. அவ்வாறன்றி, அசற்றிலீன் சிலிண்டர் தீயில் அகப்பட்டாலோ, சுவாலை பின்னோடியபின் அதன் உடல் சூடேறத் தொடங்கினாலோ வீரம் காட்டற்க. அனைவரையும் வெளியேற்றித் தீயணைப்புப் படையினரை அழைத்து, உள்ளே அசற்றிலீன் இருக்கிறது என்பதை அவர்களுக்கு முதலிற் சொல்லுக. வெளித்தீ அணைந்த பின்னும் உள்ளே சிதைவு தொடர்ந்து, நெடுநேரங் கழித்தும் அது வெடிக்கலாம். ஆதலின் தீயணைந்ததும் சிலிண்டரை இழுத்து வெளியே போடுவோம் என்று நெருங்குதல் உயிருக்கு இறுதியாகும். பாதுகாப்பான மறைவில் நின்று நீரைப் பாய்ச்சிக் குளிரச்செய்தல் அதற்கென்று பயின்றவர் பணி.

முடிவாகச் சில சொற்கள்

விபத்து நடந்து பல ஆண்டுகளின் பின்னர், ஊரில் ஒரு திருமண வீட்டில் என் நண்பரைச் சந்தித்தேன். எண்ணெய்க்கும் ஒட்சிசனுக்கும் உள்ள பகையை நான் பிற்காலத்திற் படித்து அறிந்தவாறு அவருக்கு விளக்கினேன். கிறீஸ் எடுத்துக் கொடுத்தது நானே என்பதையும் சொல்லி வருந்தினேன். அவர் என்னைக் குறை கூறவில்லை. சிறிது நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அதை ஏன் மச்சான் அண்டைக்கு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?” என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

அதன்பின் என் பொறுப்பில் வந்த பழகுநர் ஒவ்வொருவருக்கும் முதல்நாளன்றே, ஊதுகுழாயைத் தொடவிடுமுன், இக்காரணங்களைச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். அரைமணி நேரம் செலவாகும். அன்றைய வேலை சிறிது பிந்தும். பட்டறை நடத்தும் பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர். அந்த அரைமணி நேரத்தைத் தம்மிடம் வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்குமாறு அவர்களை வேண்டுகின்றேன். ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: வாயுக்களின் அமுக்கம் பற்றிய பாடத்தைக் கற்பிக்கும்போது சைக்கிள் பம்பையும் ஒட்சிசன் வால்வையும் சேர்த்துச் சொல்லுங்கள். பரீட்சைக்கு அது வராவிட்டாலும் வாழ்க்கைக்கு வரும்.

மாணவத் தம்பிகளே, நாளை நீங்கள் எத்தொழிலிற் புகுந்தாலும் மேலோர் சொல்லும் விதிக்குப் பணியுங்கள். அத்தோடு நின்றுவிடாது, ‘ஏன்?’ என்று பணிவோடு கேளுங்கள். சினந்து கொள்பவர் சிலர் இருப்பர். அவர்கள் சினத்தாற் கை கருகாது.